புதிய வீட்டுக்கு மின்கம்பியும் இணையக் கம்பியும்: பின்னால் மாற்றிக்கொள்ள இடம் வைத்துத் திட்டமிடும் முறை

சிங்கப்பூரில் புதுவீட்டுச் சாவி கைக்கு வந்ததும் குத்தகையாளர் (கான்ட்ராக்டர்) தரும் மதிப்பீட்டுத் தாளில் மின்வேலை பெரும்பாலும் ஒரே அளவையில்தான் எழுதப்பட்டிருக்கும்: இத்தனை பாயிண்ட் (சாக்கெட்டோ விளக்கோ பொருத்தும் இடம்), ஒரு பாயிண்டுக்கு இத்தனை வெள்ளி. அந்தத் தாளைப் பார்த்த கணத்திலிருந்து வீட்டுக்காரரும் பாயிண்டுகளை எண்ணத் தொடங்கிவிடுகிறார். வரவேற்பறைக்கு எட்டு போதுமா, படுக்கையறைக்கு நான்கு போதுமா என்பதே பேச்சாகிவிடுகிறது. ஆனால் தொட்டில் கிடந்த மூலைக்குப் படிப்பு மேசை வரும்போதும், தாத்தா பாட்டி தங்கும் அறையே அலுவலக அறையாகவும் மாறும்போதும், எரிவாயு அடுப்பை எடுத்துவிட்டு இண்டக்‌ஷன் அடுப்பு வைக்க ஆசைப்படும்போதும் கைகொடுப்பவை வேறு. சுவருக்குள் புதிய கம்பியை இழுக்க வழி இருக்கிறதா, மின்பகிர்வுப் பெட்டியில் காலியிடம் இருக்கிறதா, சுவிட்சுக்குப் பின்னால் மின்சுற்றை முடித்துவைக்கும் நியூட்ரல் கம்பி வந்திருக்கிறதா என்ற மூன்று கேள்விகளுக்கான விடைதான் அப்போது செலவைத் தீர்மானிக்கும். மதிப்பீட்டுத் தாளில் இவற்றுக்கு வரியே இருக்காது என்பதால், கேட்டு எழுதி வாங்குவது நம் பொறுப்பு.

வீவகவின் (வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின்) பிடிஓ வீட்டை, அதாவது விண்ணப்பித்தவர்களுக்காகப் புதிதாகக் கட்டித் தரும் வீட்டை, மனத்தில் வைத்தே கீழுள்ளவற்றை எழுதியிருக்கிறேன். கொண்டோமினியத்துக்கும் பெரும்பகுதி பொருந்தும்; மறுவிற்பனை வீட்டுக்கு மட்டும் கடைசியில் தனியே சில சொற்கள்.

முதல் படி: எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது

வீட்டின் தரைப்படத்தைப் பெரிதாக அச்சிட்டு, கைவிளக்கும் அளவுநாடாவும் எடுத்துக்கொண்டு வெறும் வீட்டுக்குள் ஒருமுறை நடந்து வாருங்கள். ஏற்கெனவே இருக்கும் சாக்கெட்டுகள், விளக்குப் பாயிண்டுகள், குளிரூட்டி மின்வசதி, இணையக் கம்பிக்கான டேட்டா பாயிண்டுகள், டிபி பாக்ஸ் எனப்படும் மின்பகிர்வுப் பெட்டி, இணைய இணைப்பைக் கொண்டுவரும் கண்ணாடியிழை வந்து முடியும் சிறு வெள்ளைப் பெட்டி ஆகிய ஒவ்வொன்றையும் படத்தில் குறியுங்கள். பிறகு வேறு நிறப் பேனாவால் தூண்கள், உத்திரங்கள், கான்கிரீட் சுவர்கள் ஆகியவற்றையும், நாம் ‘பாம் ஷெல்டர்’ என்று சொல்லிப் பழகிய வீட்டுப் பாதுகாப்பறையின் நான்கு சுவர்களையும் தடித்த கோட்டால் சுற்றி வரையுங்கள். அந்தக் கோடுகளுக்குள் கம்பிக்காகப் பள்ளம் தோண்ட அனுமதி இல்லை. பாதுகாப்பறைச் சுவரை ஊடுருவித் துளை போடவும் கூடாது. உங்கள் கம்பிகள் போகக்கூடிய பாதையை உண்மையில் முடிவு செய்வது இந்தப் படம்தான்.

புதிய வீடுகளில் வீவக பதித்துத் தந்த குளியலறைச் சுவர், தரைப் பூச்சுகளை, புளோக் கட்டி முடிந்த நாளிலிருந்து மூன்றாண்டுக்கு உடைக்க முடியாது. எனவே குளியலறைக்குள் புதைகம்பி என்ற எண்ணத்தை இப்போதே விட்டுவிடலாம். புதுப்பிப்புப் பணியை வீவகவில் பதிவுபெற்ற குத்தகையாளரிடம் கொடுக்க வேண்டும் என்பதும், புதிய வீட்டுக்கு மூன்று மாத அவகாசம் உண்டு என்பதும், சத்தம் எழுப்பும் வேலைகளை வார நாள்களில் காலை 9 மணிமுதல் மாலை 5 மணிவரைதான் செய்யலாம் என்பதும் பலருக்கும் தெரிந்தவை. மின்வேலையைப் பொறுத்தவரை இன்னொன்றும் உண்டு: எரிசக்திச் சந்தை ஆணையத்தின் உரிமம் பெற்ற மின்பணியாளரே அதைச் செய்ய வேண்டும். குத்தகையாளர் ‘எங்களிடம் ஆள் இருக்கிறார்’ என்று சொல்வதோடு நின்றுவிடாமல், உரிம எண்ணைக் கேட்டு வாங்கி ஆணையத்தின் இணையத்தளத்தில் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் படி: 40 ஆம்பியருக்குள் எவ்வளவு அடங்கும்?

1994க்குப் பிறகு கட்டப்பட்ட வீவக வீடுகளுக்கு 40 ஆம்பியர் மின்விநியோகம் வருகிறது. 230 வோல்ட்டால் பெருக்கினால் 9,200 வாட். வீட்டில் எத்தனை சாக்கெட் போட்டாலும் ஒரே நேரத்தில் எடுக்கக்கூடிய மின்சாரத்தின் எல்லை இதுதான். பாயிண்டைக் கூட்டுவதால் இந்த எண் கூடாது.

இதை ஒரு மாலை நேரத்தில் வைத்துப் பாருங்கள். முழு வேகத்தில் இயங்கும் இண்டக்‌ஷன் அடுப்பு சுமார் 7,200 வாட் எடுக்கக்கூடும். குளியலறையில் உடனடி வெந்நீர்க் கருவி 3,300 வாட். இரண்டும் சேர்ந்தாலே 10,500 வாட், அதாவது ஏறக்குறைய 46 ஆம்பியர். எல்லையைச் சற்றே தாண்டும் இந்த மிகையில் பிரதான சுவிட்ச் உடனே விழாது, அதாவது மின்சாரத்தைத் துண்டிக்காது. அந்த வகைச் சுவிட்சுகள் சிறு மிகையை நெடுநேரம் பொறுத்துக்கொள்ளும்படி வடிவமைக்கப்பட்டவை. அதே நேரத்தில் யாரோ 3,000 வாட் கெட்டிலைத் தட்டிவிட்டால் 58 ஆம்பியரைத் தாண்டிவிடும். குளிரூட்டியையும் சேர்த்தால் வீடு இருளடைவது உறுதி. எல்லாப் பொருள்களும் எப்போதும் உச்சத்தில் ஓடுவதில்லை என்பதால் அன்றாடம் இப்படி நேராது. ஆனாலும் எந்தெந்தக் கனமான பொருள்கள் ஒன்றாக ஓடும் என்பதை உங்கள் வீட்டு வழக்கப்படி எழுதிப் பார்ப்பது அவசியம்.

எழுதிப் பார்த்த பிறகு முடிவுகள் எளிதாகிவிடும். எரிவாயுவில் சமைப்பவர்களுக்கு இந்தக் கணக்கு நெருக்கடியே தராது. இண்டக்‌ஷன்தான் வேண்டும் என்பவர்கள், மொத்த வாட்டுக்கு உச்சவரம்பு வைக்கும் வசதியுள்ள அடுப்பைத் தேர்ந்தெடுக்கலாம். அல்லது உடனடிக் கருவிக்குப் பதிலாக, வேண்டியபோது முன்னதாகவே சூடாக்கி வைத்துக்கொள்ளக்கூடிய தொட்டி வகை வெந்நீர்க் கருவியை வாங்கலாம். இப்போது எரிவாயு அடுப்பு வைப்பவர்கள்கூட, பின்னாளில் இண்டக்‌ஷனுக்கு மாறும் எண்ணம் சிறிதளவேனும் இருந்தால், டிபி பாக்ஸிலிருந்து அடுப்பு மேடைவரை ஒரு காலிக் குழாயை மட்டும் இப்போதே போட்டுவிட வேண்டும். கம்பி இப்போது தேவையில்லை. என் கணிப்பில் இந்த வழிகாட்டியிலேயே மிகக் குறைந்த செலவில் மிகுந்த பயன் தருவது இந்த ஒரு குழாய்தான்.

மூன்றாம் படி: மேசை நாற்காலியை வரைந்த பிறகே பாயிண்ட்

கட்டில், சோபா, அலமாரி, மேசை ஆகியவற்றை உண்மையான அளவில் தரைப்படத்தில் வெட்டி ஒட்டிவிட்டுப் பிறகு சாக்கெட்டின் இடத்தைக் குறியுங்கள். கட்டிலின் தலைமாட்டுக்குப் பின்னால் மறைந்துபோகும் சாக்கெட்டைவிட, அதன் இருபக்கமும் ஒரு சாண் தள்ளி நிற்பவை பயன்படும். ஒவ்வொரு அறையிலும் எதிரெதிர்ச் சுவர்கள் இரண்டிலாவது இரட்டைச் சாக்கெட் இருந்தால், அறையின் அமைப்பை மாற்றும்போது நீட்டிப்புக் கம்பி தரையில் ஓடாது. எண்ணிக்கையைப் பற்றி நான் சொல்லவிரும்புவது இவ்வளவே.

சமையலறையில் மட்டும் நிதானமாக நில்லுங்கள். பொதுவான வடிவமைப்பாளர் வரைந்து தரும் படத்தில் மேடைமேல் இரண்டு இரட்டைச் சாக்கெட் இருக்கும். தீபாவளிக்கு முதல்நாள் நம் வீட்டு மேடையை எண்ணிப் பாருங்கள்: ஒரு பக்கம் கிரைண்டரில் உளுந்து ஓடுகிறது, பக்கத்தில் மிக்ஸி, அப்பால் ரைஸ் குக்கர், ஏர் ஃப்ரையர், கெட்டில். கிரைண்டர் கனமானது, எடுத்து எடுத்து வைக்க முடியாது, அதற்கென நிரந்தரமான மூலையும் அங்கே தனிச் சாக்கெட்டும் வேண்டும். மேடைக்குரிய சாக்கெட்டுகளை ஒரே மின்சுற்றில் கட்டாமல் இரண்டு தனிச் சுற்றுகளாகப் பிரித்து, இடப்பக்கம் ஒன்று வலப்பக்கம் ஒன்று என்று வைத்தால் சுமை பகிரப்படும்.

ஊரிலிருந்து கொண்டுவரும் மிக்ஸிக்கும் கிரைண்டருக்கும் உருண்டைப் பின் பிளக் இருக்கும். மின்னழுத்தம் இரு நாட்டிலும் 230 வோல்ட்தான். சிக்கல் பிளக்கில் மட்டுமே. மலிவான மாற்றுப் பிளக்கை நிரந்தரமாகச் செருகி வைப்பதைவிட, பாதுகாப்பு முத்திரை பெற்ற, சரியான ஃபியூஸ் உள்ள 13 ஆம்பியர் பிளக்கை அதன் கம்பியில் மாட்டித் தரும்படி மின்பணியாளரிடம் அதே வேலையோடு கேட்டுவிடலாம். 13 ஆம்பியர் பிளக் தாங்குவது ஏறத்தாழ 3,000 வாட் மட்டுமே என்பதையும் நினைவில் வையுங்கள். வெந்நீர்க் கருவியைப் பிளக்கில் செருகக்கூடாது, அதற்கென 20 ஆம்பியர் இருமுனைச் சுவிட்சும் தனிச் சுற்றும் வேண்டும்.

சாமி மாடத்துக்கு ஒரு சாக்கெட் வேண்டும் என்பதைப் பெரும்பாலான குடும்பங்கள் தச்சு வேலை முடிந்த பிறகே நினைத்துக்கொள்கின்றன. மாடத்தின் பின்பலகைக்குள் மறைவாக ஒன்றும், சீரியல் விளக்குக்காகச் சன்னலோரம் ஒன்றும், ரோபோ துடைப்பானுக்காகத் தரையோடு ஒட்டி ஒன்றும், துணி காயப்போடும் மின்கொடி வைக்கும் எண்ணமிருந்தால் அதன் கூரைப்பகுதியில் ஒன்றும் இப்போதே குறித்துவிடுங்கள்.

நான்காம் படி: டிபி பாக்ஸில் காலியிடம்

பெட்டியின் மூடியைத் திறந்தால் ஒரு பெரிய பிரதான சுவிட்ச், அதையடுத்துச் சிறு பொத்தானுள்ள ஆர்சிசிபி, பிறகு வரிசையாகச் சிறு சுவிட்சுகள் தெரியும். ஆர்சிசிபி என்பது மின்கசிவை உணர்ந்து துண்டிக்கும் கருவி, உயிர்காப்பது அதுதான். பழைய வீடுகள் உட்பட எல்லா வீடுகளிலும் அது இருக்க வேண்டும் என்ற விதி 2023 ஜூலை 1இல் நடப்புக்கு வந்து, இல்லாத வீடுகளுக்கு 2025 ஜூலை 1வரை அவகாசம் தரப்பட்டது.

இங்கே கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி, 30ஐத் தொட்டால்தான் விழும் என்பதில்லை. 15க்கு மேல் எங்கு வேண்டுமானாலும் விழலாம். கணினி, எல்இடி விளக்கு, சலவை இயந்திரம், இன்வெர்ட்டர் குளிரூட்டி ஆகிய ஒவ்வொன்றும் பழுதே இல்லாத நிலையிலும் மிகச் சிறிதளவு மின்சாரத்தை எர்த்துக்குக் கசியவிடும். மின்னணுப் பொருள் பெருகப் பெருக இந்தக் கசிவுகள் கூடி, காரணமே தெரியாமல் நடுராத்திரியில் வீடு இருளும். குடும்பத்தோடு ஊருக்குப் போயிருக்கும் இரண்டு வாரத்தில் இது நடந்தால் குளிர்பதனப் பெட்டியில் இருப்பதெல்லாம் வீண்.

இதற்குத் தீர்வு, கசிவையும் மிகைமின்சாரத்தையும் தன் சுற்றுக்கு மட்டும் கவனிக்கும் ஆர்சிபிஓ. குறைந்தது குளிர்பதனப் பெட்டிக்கும் இணையக் கருவிகளுக்கும் தனித்தனி ஆர்சிபிஓ கேளுங்கள். அவை பொது ஆர்சிசிபிக்குப் பின்னால் தொங்காமல், அதற்கு முன்னாலேயே பிரிந்து செல்ல வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் பொது ஆர்சிசிபி விழும்போது இவையும் சேர்ந்தே மின்சாரத்தை இழக்கும். இண்டக்‌ஷன் அடுப்பு, இன்வெர்ட்டர் பொருள்கள் உள்ள சுற்றுகளுக்கு மாறுமின்சாரக் கசிவை மட்டும் உணரும் ‘ஏசி’ வகையைவிட, துடிப்பான நேர்மின்சாரக் கசிவையும் உணரும் ‘ஏ’ வகைக் கருவி பொருத்தமானது.

இத்தனைக்கும் இடம் வேண்டும். எனவே பயன்பாட்டில் இருக்கப்போகும் சுவிட்சுகளுக்கு மேல் கால்பங்கு இடமாவது காலியாக உள்ள பெட்டியைக் கேளுங்கள். பெட்டியை அலமாரிக்குள் மறைக்கும் தச்சு வேலை செய்பவர்கள், அதன் மூடி முழுதாகத் திறக்கவும் மேலிருந்து புதிய குழாய் இறங்கவும் வழிவிட்டிருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும்.

ஐந்தாம் படி: கம்பிக்கு வழி

கம்பி பழுதாகலாம், தரம் மாறலாம், தேவை கூடலாம். குழாய் இருந்தால் எதையும் மாற்றலாம். ஆகவே செலவு செய்யும் மனத்தை முதலில் குழாயின் பக்கம் திருப்புங்கள்.

கூரை ஓரமாகச் செயற்கைக் கூரையோ எல் வடிவப் பெட்டியோ அமைப்பவர்களுக்கு வேலை எளிது. டிபி பாக்ஸிலிருந்து வீட்டைச் சுற்றி வரும் அந்த வெற்றிடமே முதன்மைச் சாலை; ஒவ்வொரு அறைச் சுவரிலும் அங்கிருந்து ஒரு குழாய் நேராகக் கீழிறங்கும். சுவருக்குள் குழாய் எப்போதும் நேர்செங்குத்தாகவே இறங்க வேண்டும். குறுக்காகவோ சாய்வாகவோ போனால், பிற்காலத்தில் ஆணி அடிப்பவருக்குக் கம்பி எங்கே இருக்கும் என்று ஊகிக்க வழியில்லாமல் போகும். செயற்கைக் கூரையில் ஆள் கை நுழையும் அளவுக்குத் திறப்புப் பலகைகளைச் சந்திப்புகளில் வைக்கச் சொல்லுங்கள். அழகு கெடும் என்று வடிவமைப்பாளர் முகம் சுளிக்கலாம். விளக்கை மாற்றக் கூரையை வெட்டும் நாள் வரும்போது அவர் அங்கே இருக்கமாட்டார்.

செயற்கைக் கூரை வேண்டாம் என்பவர்களுக்கு, இங்கே ‘கேசிங்’ என்று சொல்லப்படும் வெளித்தெரியும் பிவிசி உறை இருக்கிறது. பலர் அதை ஏழைத்தனமாகக் கருதுகிறார்கள், எனக்கு உடன்பாடில்லை. கூரைக்கும் சுவருக்கும் இடைப்பட்ட மூலையில் நேர்கோட்டில் ஓட்டி, சுவரின் நிறத்திலேயே சாயம் பூசிவிட்டால் கண்ணில் படாது. மூடியைக் கழற்றி எப்போதும் கம்பி சேர்க்கலாம். கான்கிரீட் சுவர்கள் நிறைந்த வீட்டில் பல இடங்களில் அதுவே முறையான வழியுமாகும்.

குழாய்க்கு மூன்று விதிகள் போதும். டேட்டா கம்பிக்கு 20 மில்லிமீட்டருக்குப் பதில் 25 மில்லிமீட்டர் குழாய் போடுங்கள். கம்பியை இழுக்க வழிவிடும் இரண்டு இழுப்புப் பெட்டிகளுக்கிடையே 90 பாகை வளைவு இரண்டுக்கு மேல் வேண்டாம். காலிக் குழாய் ஒவ்வொன்றிலும் நைலான் நூல் விட்டு இரு முனையிலும் முடிச்சுப் போட்டு வைக்க வேண்டும். கட்டுமானத் தளத்தில் நம் ஊர்க்காரத் தம்பிகள் பலர் வேலை செய்கிறார்கள். “தம்பி, காலிக் குழாயிலயும் நூல் விட்டுடுங்க, கம்பி இழுக்கறப்பவும் புது நூல் கூடவே போகட்டும்” என்று நேரில் சொன்னால் படத்தில் எழுதியதைவிட நிச்சயமாக நடக்கும்.

தொலைக்காட்சிச் சுவருக்கு மட்டும் தனி வழி: தொலைக்காட்சிக்குப் பின்னாலிருந்து கீழே உள்ள மேசைவரை 50 மில்லிமீட்டர் குழாய் ஒன்று, எச்டிஎம்ஐ முனை தாராளமாக நுழையும்படி.

ஆறாம் படி: சுவிட்சுக்குப் பின்னால்

வழக்கமான முறையில் விளக்குச் சுவிட்சுக்கு மின்சாரத்தைக் கொண்டுவரும் லைவ் கம்பி வந்து, அங்கிருந்து விளக்குக்குப் போகும். நியூட்ரல் சுவிட்சுக்கு வருவதே இல்லை. பின்னாளில் திறன்சுவிட்ச் (ஸ்மார்ட் சுவிட்ச்) பொருத்த நினைக்கும்போது இது தடையாகிறது. நியூட்ரல் இல்லாமலே இயங்கும் வகைகள் உண்டென்றாலும், அவை விளக்கின் வழியாகச் சிறு மின்சாரத்தை எப்போதும் கடத்துவதால் குறைந்த வாட் எல்இடி அணைத்த பிறகும் மினுக்கும். ஒவ்வொரு சுவிட்ச் பெட்டிக்கும் நியூட்ரலைக் கொண்டுவந்து முனையை மூடி வைக்கச் சொல்லிவிட்டால், திறன்வீட்டுக் கருவிகளைப் பற்றி இப்போது எந்த முடிவும் எடுக்க வேண்டியதில்லை. பெட்டிகளின் ஆழம் 35 மில்லிமீட்டராவது இருக்கட்டும். படுக்கையறைக்கும் நீளமான நடைவழிக்கும் ஒரே விளக்கை இரண்டு இடங்களிலிருந்து இயக்கும் இருவழிச் சுவிட்ச்; முதியவர் இருக்கும் வீட்டில் இதைத் தவிர்க்கவே கூடாது.

ஏழாம் படி: இணையத்துக்கு ஒரு மையம்

வீட்டிலுள்ள எல்லா டேட்டா கம்பிகளும் ஓர் இடத்திலிருந்து கிளம்பி ஓர் இடத்திலேயே முடிய வேண்டும். ஓர் அறையின் பாயிண்டிலிருந்து அடுத்த அறைக்குத் தொடர்ந்து செல்லும் அமைப்பு வேண்டாம். கண்ணாடியிழைப் பெட்டி எங்கே இருக்கிறதோ அதையொட்டியே மையத்தை அமைப்பது இயல்பு. அங்கே மோடம், ரவுட்டர், டேட்டா கம்பிகளை இணைக்கும் நெட்வொர்க் சுவிட்ச், தடையில்லா மின்கருவி (யுபிஎஸ்) ஆகியவற்றுக்காக ஆறு சாக்கெட்டாவது வேண்டும்; காற்றோட்டமும் வேண்டும்.

வீட்டுப் பாதுகாப்பறைக்குள்ளோ அதன் பக்கத்திலோ இந்த மையம் அமைய நேர்ந்தால், ரவுட்டரின் வைஃபையை நம்பாதீர்கள். தடித்த கான்கிரீட்டும் எஃகுக் கதவும் அலையை விழுங்கிவிடும். புதிய துளை போடவும் முடியாது என்பதால், வீவக முன்பே போட்டுத் தந்த டேட்டா குழாய்களின் வழியாகத்தான் வெளியே வரவேண்டும். அப்படி வரும் கம்பிகளின் முனையில் வைஃபை முனையங்களைப் பொருத்துங்கள்.

கம்பியின் தரம் பற்றி அதிகம் குழம்ப வேண்டியதில்லை. நாடளாவிய அகன்ற அலைவரிசைக் கட்டமைப்பை விநாடிக்கு 10 கிகாபிட் வேகத்துக்கு உயர்த்த 100 மில்லியன் வெள்ளிவரை முதலீடு செய்யப்போவதாக அரசாங்கம் 2024இல் அறிவித்தது. வீட்டுக்கு 10 கிகாபிட் வருவது இனி அரிதான செய்தியன்று. கேட் 6 கம்பி அந்த வேகத்தை ஏறத்தாழ 55 மீட்டர்வரை தாங்கும். நான்கறை வீட்டில் எந்தக் கம்பியும் அவ்வளவு நீளம் ஓடப்போவதில்லை. எனவே வீட்டோடு வந்த கேட் 6 கம்பிகளைப் பிடுங்க வேண்டாம். புதிதாக இழுப்பவற்றுக்குக் கேட் 6ஏ போடலாம். அது 100 மீட்டர்வரை தாங்கும், ஆனால் தடிமனானது. 20 மில்லிமீட்டர் குழாயில் ஒன்றுதான் வசதியாகப் போகும், 25இல் மூன்று போகும். எதை வாங்கினாலும் முழுச் செம்புக் கம்பியா என்று உறையில் படித்துப் பாருங்கள். செம்பு பூசிய அலுமினியம் விலை குறைவு, ஆனால் மின்தடை அதிகம். கம்பி வழியே மின்சாரமும் பெறும் கருவிகளுக்கு அது ஆகாது.

வேலை செய்யும் மேசைக்கு இரண்டு, தொலைக்காட்சிக்கு இரண்டு, ஒவ்வொரு படுக்கையறைக்கும் ஒன்று, நடைவழிக் கூரையில் வைஃபை முனையத்துக்கு ஒன்று என்பது நியாயமான தொடக்கம். கூரை முனையம் தன் மின்சாரத்தை இணையக் கம்பியிலிருந்தே எடுத்துக்கொள்ளும் என்பதால் அங்கே சாக்கெட் தேவையில்லை. மின்கம்பியும் டேட்டா கம்பியும் ஒரே குழாயில் போகக்கூடாது. அருகருகே நெடுந்தூரம் ஓடவும் கூடாது. குறுக்கிட வேண்டியிருந்தால் செங்கோணத்தில் குறுக்கிடட்டும்.

எட்டாம் படி: மூடுவதற்கு முன்

பள்ளத்தைச் சிமெண்ட் மூடும் முன்பும், கூரைப் பலகை ஏறும் முன்பும் வீட்டுக்குப் போய், அளவுநாடாவைச் சுவரில் பிடித்தபடி ஒவ்வொரு சுவரையும் படமெடுங்கள். தரையிலிருந்து எவ்வளவு, மூலையிலிருந்து எவ்வளவு என்பது படத்திலேயே தெரிய வேண்டும். டேட்டா கம்பியின் இரு முனையிலும் ஒரே எண்ணை ஒட்டச் சொல்லுங்கள். நூலை ஒருமுறை நீங்களே இழுத்துப் பாருங்கள். சிமெண்ட் உள்ளே போய் அடைத்த குழாய் இந்தக் கட்டத்தில் மட்டுமே இலவசமாகச் சரிசெய்யப்படும்.

கடைசித் தவணைப் பணத்தைக் கொடுக்கும் முன் சோதிக்க வேண்டியவை சில. ஆர்சிசிபியின் சோதனைப் பொத்தானை அழுத்தினால் உடனே விழ வேண்டும். டிபி பாக்ஸில் ஒவ்வொரு சுவிட்சாக அணைத்து, பெயர்ச்சீட்டில் எழுதியுள்ள அறைதான் அணைகிறதா என்று பாருங்கள். மடிக்கணினியை ஒவ்வொரு டேட்டா பாயிண்டிலும் செருகி, இணைப்பு வேகம் 1,000 மெகாபிட்டாவது காட்டுகிறதா என்று பாருங்கள். 100 என்று காட்டினால் எட்டு இழைகளில் ஏதோ ஒன்று முனையில் சரியாக அமரவில்லை என்று பொருள்.

மறுவிற்பனை வீடு வாங்கியவர்களுக்கு

1994க்கு முன் கட்டியவற்றுக்கு 30 ஆம்பியர் விநியோகமாக இருக்கலாம். குளிரூட்டி பொருத்தும் முன் அதை 40க்கு உயர்த்த வேண்டியிருக்கும். முந்தைய உரிமையாளர் போட்ட கம்பியின் வயது தெரியாவிட்டால், பாதியை வைத்துக்கொண்டு பாதியை மாற்றும் யோசனையைவிட முழுவீட்டுக்கும் புதுக்கம்பி இழுப்பதே பின்னால் தலைவலி குறைவு. பழைய குழாய்க்குள் கம்பி அசைந்து கொடுக்கிறதா என்று மின்பணியாளர் ஒரு சாக்கெட்டைக் கழற்றி இழுத்துப் பார்த்துச் சொல்லிவிடுவார். அசைந்தால் அதே குழாய், அசையாவிட்டால் கேசிங். மதிப்பீட்டை அதன் பிறகே வாங்குங்கள்.